படகு கேட்ட கிபோம்

கடவுளைத் தன் கட்சிக்கு இழுத்துவிடுவது என்று கிபோம் முடிவு செய்தார். வேறு வழியில்லை. கல்யாணமான நாளிலிருந்து கடவுள் அவர் மனைவி மால்சுனின் கட்சியில்தான் இருந்தார்.

கார் வாங்கலாமா என்று கேட்டால் முடியாது என்று மால்சுன் சொல்ல மாட்டாள். "ஜெபிச்சுப் பாப்போங்க" என்பாள். மறுநாள் சபையின் விடியற்கால ஜெபத்துக்குப் போவாள். திரும்பி வந்து, சோயாக் குழம்பை அடுப்பில் வைத்தபடியே, "கர்த்தர் வேண்டாங்கிறார்" என்பாள். நாய் வளர்க்கலாமா என்றாலும் வேண்டாங்கிறார். கிபோம் மீசை வைக்க நினைத்தபோதுகூட, உலகத்தில் அத்தனை வேலைக்கு நடுவே, கர்த்தர் வேண்டாம் என்றார். மனைவியோடு சண்டை போடலாம். தோற்கப் போகிறோம் என்றாலும் போடலாம். கர்த்தரோடு யார் போடுவது?

மற்ற எதையும் கிபோம் விட்டுக்கொடுத்திருப்பார். இது படகு விஷயம்.

தேகு நகரத்து நெசவுத் தொழிற்சாலை ஒன்றில் வாழ்நாளெல்லாம் துண்டு விற்றவர் அவர். போன வருஷம் தொழிற்சாலை அவரைத் துண்டித்துவிட்டது. அன்றிலிருந்து மால்சுனின் கடையில் பூண்டு உரிக்கிறார். கிம்ச்சி, வறுத்த நெத்திலி, பதப்படுத்திய கீரை என்று சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள எல்லாம் விற்கும் கடை. வாங்க வருகிறவர்கள் அவரைப் பார்க்காமல் அவரைப் பற்றிப் பேசுவார்கள்.

"என்ன மால்சுன், உங்க வீட்டுக்காரருக்கு இன்னைக்கும் லீவா?"

"ஆமாக்கா. ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருந்தார். மொத்தமா குடுத்துட்டாங்க."

கிபோம் தலையைத் தூக்காமல் உரிப்பார். சோப்புப் போட்டுக் கழுவினாலும் விரலில் வாடை போகாது. காலையில் எழுந்து சட்டை போடும்போது, எதற்குப் போடுகிறோம் என்று பித்தானோடு நின்றுவிடுவார். அவருக்கே பயமாக இருக்கும்.

அப்போதுதான் பழைய சிநேகிதர் ஒருவர் தோங்யோங் துறைமுகத்தில் தன் சின்ன மீன்படகை விற்கப் போவதாகச் சொன்னார். கிபோம் போய்ப் பார்த்தார். நீலச் சாயம் உரிந்த படகு. ஏறி உட்கார்ந்தார். தண்ணீர் மெல்ல ஆட்டியது. யாரும் எதுவும் கேட்கவில்லை. இதைத் தனியாகக் கொஞ்ச தூரம் ஓட்டிப்போய் இயந்திரத்தை அணைத்துவிட்டால், அதற்கப்புறம் யாரும் எதுவுமே கேட்க முடியாது என்று தோன்றியது. அந்த நினைப்பு அவருக்குச் சுகமாக இருந்தது.

ஆகவே மால்சுன் ஜெபிப்பதற்குள் தான் முந்திக்கொள்வது என்று, உபவாசம் இருக்க, சபைக்காரர்கள் தங்கி ஜெபிக்கும் ஜெப மலைக்குப் போனார்.

ஏமாற்றுகிற எண்ணத்தோடு அவர் போகவில்லை. உண்மையாகவே கேட்டார். மண்டபத்தில் அவரைச் சுற்றி எல்லாரும் "கர்த்தாவே" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டார்கள். பக்கத்துப் பாயில் ஒரு டாக்சி ஓட்டுநர் தேம்பித் தேம்பி அழுதுவிட்டு, முகமெல்லாம் வெளிச்சமாக எழுந்து, "எனக்குப் பதில் கிடைச்சிடுச்சு, வரேன்" என்று கிளம்பிப் போனார். கிபோமும் கூப்பிட்டார். உரக்கக் கூப்பிட்டார். பிறகு கெஞ்சினார். கடைசியில், "படகு வேண்டாம், என்னைப் பாக்குறீங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். அவர் வயிறு மட்டும் பதில் சொன்னது.

மலையடிவாரத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஒரு கிண்ணம் நூடுல்ஸ் வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே, கர்த்தர் சொல்லாமல் விட்டதைத் தானே சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார்.

அன்று சாப்பாட்டு மேசையில் தொண்டையைச் செருமினார்.

"மால்சுன், கர்த்தர் எங்கிட்ட பேசினார்."

மால்சுன் கரண்டியைக் கீழே வைத்தாள். "உங்ககிட்டயா?"

"ஏன், எங்கிட்ட பேசக் கூடாதா?"

"பேசலாம், பேசலாம். என்ன சொன்னார்?"

"ஒரு படகைக் காட்டினார்."

வழக்கமான 'ஜெபிச்சுப் பாப்போங்க' வரும் என்று கிபோம் மூச்சைப் பிடித்தார். மால்சுன் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். கண்ணை, கன்னத்தை, சட்டைப் பித்தானை எல்லாம் பார்த்தாள். பிறகு மெதுவாக, "ஆமென்" என்றாள். மால்சுன் எதற்கும் இவ்வளவு சீக்கிரம் ஆமென் சொன்னவளில்லை.

"படகுல நீங்க மட்டும்தானா?"

தனியாக என்றால் சுயநலமாகத் தெரியுமே என்று, "சேச்சே. நிறைய பேர் இருந்தாங்க" என்றார்.

"எந்த மாதிரி ஆளுங்க?"

"வயசானவங்க. எல்லாம் நரைச்ச தலை." சபை என்றாலே அவருக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

"எந்த நேரம்?"

இது சுலபம். மீன்படகு எப்போது கிளம்பும்? "விடியறதுக்கு முந்தி. நல்ல இருட்டு."

"மீன் பிடிச்சீங்களா?"

பேராசை தெரியக் கூடாது. "மீனா? மீன் ஒண்ணும் தெரியல."

"கடல்?"

"அதான் சொன்னேனே, இருட்டு. நான் கைப்பிடியைப் பிடிச்சு ஓட்டிக்கிட்டிருந்தேன். அவ்வளவுதான் காட்டினார்."

"எவ்வளவு பெரிய கிருபைங்க" என்றாள் மால்சுன். "இதை வீட்டுக்குள்ள வச்சுக்கக் கூடாது. ஞாயித்துக்கிழமை சபையில சாட்சி சொல்லுங்க."

கிபோமுக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. சபை முழுக்கக் கேட்டபிறகு யார் இல்லை என்பார்கள்? ஞாயிறன்று மைக் முன் நின்று எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். குரல்கூட நடுங்கியது. முன்வரிசைக் கிழவிகள் கண்ணைத் துடைத்தார்கள். முடித்து அவர் இறங்கும்போது மால்சுன் கை தூக்கினாள்.

"போதகரே, நானும் ஒரு வார்த்தை சொல்லலாமா?"

போதகர் பியோன் தலையசைத்தார்.

"எங்க வீட்டுக்காரர் பாத்தது படகு. ஆனா கடல் இல்ல, மீனும் இல்ல. உள்ள பூரா வயசானவங்க. நேரம் விடியறதுக்கு முந்தி. ஓட்டுறது அவர். நான் படிக்காதவ, எனக்கு அர்த்தம் புரியல. சபையில யாருக்காவது புரியுதா?"

சபைக்குப் புரிய ஒரு நொடிகூட ஆகவில்லை. விடியற்கால ஜெபத்துக்கு வயசானவர்களை ஏற்றிவரும் பழைய சபை பஸ் குளிர்காலத் தொடக்கத்தில் நின்றது நின்றதுதான். அன்றிலிருந்து கிழவிகள் உறைபனியில் வழுக்கி வழுக்கி நடந்து வருகிறார்கள். புது பஸ் வேண்டும், அதை ஓட்டச் சம்பளம் கேட்காத ஓர் ஆள் வேண்டும் என்று பெண்கள் ஜெபக்குழு விடாமல் ஜெபித்துவந்தது. குழுவின் தலைவி மால்சுன்.

போதகர் பியோன் மேடையிலேயே முழங்காலிட்டுவிட்டார். "நம் சபை உதவிக்காரர் கிபோம் பார்த்தது சாதாரணப் படகு இல்லை. இரட்சிப்பின் பேழை."

"ஆமென்" என்றது சபை.

"இல்ல, அது வந்து, நீல நிறத்துல..." என்றார் கிபோம்.

"நீலமே வாங்கிடலாம்" என்றார் போதகர்.

அது பஸ் இல்லை, தான் வாங்க நினைத்த படகு என்று சொன்னால் தரிசனமே இல்லை என்று சொல்ல வேண்டிவரும். அத்தனை கிழவிகளும் கையைப் பிடித்துக்கொண்டு அழும்போது அதை எப்படிச் சொல்வது? படகுக்கென்று கிபோம் எடுத்துவைத்திருந்த பணம் அப்படியே நீல பஸ்ஸாக வந்து சபை வாசலில் நின்றது.

பஸ் வந்த மறுநாளிலிருந்து ஊர் தூங்கும்போது கிபோம் எழுந்தார். பஸ்ஸுக்குள் இஞ்சி மிட்டாயும் தைலமும் மணத்தன. மால்சுன் அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்து வழி சொன்னாள். எல்லா வழியும் அவருக்குத் தெரியும் என்றாலும் சொன்னாள். சபையில் எல்லாரும் கண்ணை மூடிக் கூப்பிடும்போது கிபோம் கடைசி பெஞ்சில் கண்ணைத் திறந்து உட்கார்ந்திருப்பார். இங்கேயும் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு நாள் காலை, பொதுக் குளியல் கூடத்துக்கு எதிரே பஸ்ஸை நிறுத்திக் காங் அம்மாவுக்காகக் காத்திருந்தார்கள். அவள்தான் எப்போதும் முதலில் ஏறுகிறவள். கணவன் இல்லை. ஒரே மகன் எங்கோ இருக்கிறான். பஸ்ஸில் வேறு யாருமில்லை. கண்ணாடியில் பனி விழுந்துகொண்டிருந்தது. கிபோமால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"மால்சுன், கர்த்தர் எங்கிட்ட பேசவே இல்ல."

"தெரியும்."

"தெரியுமா?"

"உபவாசம் இருந்துட்டு வந்த மனுஷன் சட்டையில நூடுல்ஸ் குழம்பு எப்படி வரும்?"

கிபோம் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். "கேட்டேன், மால்சுன். பிச்சைக்காரன் மாதிரி கேட்டேன். எனக்கு மட்டும் ஒண்ணுமே சொல்லல."

"எங்கிட்டயும் பேசினதில்லங்க" என்றாள் மால்சுன்.

அவர் திரும்பினார். "அப்போ இத்தனை வருஷமா கர்த்தர் வேண்டாங்கிறார்னு சொன்னது?"

"யாராவது ஒருத்தர் வேண்டாம்னு சொல்லணும்ல. நான் சொன்னா நீங்க கேக்குறீங்களா?"

"என் படகை..."

"தோங்யோங் போயிட்டு வந்தீங்களே, அன்னைக்கு உங்க மூஞ்சியைப் பாத்தேன். சந்தோஷமா இருந்துச்சு. அதுக்கு முன்னாடி மாசக்கணக்கா நான் பாக்காத சந்தோஷம். எனக்குப் பயமா இருந்துச்சு. அந்த மூஞ்சியோட ஒருத்தரைத் தனியா கடலுக்கு அனுப்புவாங்களா?"

கோபப்பட வேண்டும் என்று கிபோம் நினைத்தார்; அதற்குக்கூட உடம்பில் தெம்பு இல்லை.

கதவு தட்டப்பட்டது. திறந்தார். காங் அம்மா பனியை உதறிக்கொண்டு ஏறினாள். உட்காராமல் அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உதவிக்காரரே, கர்த்தர் உங்ககிட்ட நேரா பேசுறாராமே. என் மகன் போன் பண்ணி ரெண்டு பண்டிகை ஆச்சு. பண்ணுவானா மாட்டானான்னு மட்டும் கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா?"

கிபோம் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் மால்சுனைப் பார்த்தார். அவள் வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணை மூடினார். கேட்டார். எப்போதும் போல இருட்டும் இயந்திரத்தின் உறுமலும்தான்.

"பண்ணுவானாம், அம்மா" என்றார். "கொஞ்சம் பொறுக்கச் சொல்றார்."

காங் அம்மா "ஆமென்" என்று அவர் தோளைத் தடவிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். பின்னாலிருந்து மால்சுன் குனிந்து, அவர் காதருகே மெல்லச் சொன்னாள்:

"இப்பதாங்க நீங்க நல்லா ஓட்டுறீங்க."

பஸ் இன்னும் கிளம்பவே இல்லை.