பெண் பார்க்க வந்த இடத்தில் மூன்று கண்ணாடித் தட்டுகள்

அன்றைக்கு எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். மூன்று கண்ணாடித் தட்டுகளை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காரைக்குடியில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு இலை மேலேயும் கண்ணுக்குத் தெரியாமல் ஓர் ஊரே குடியிருக்கிறது என்றார் வாத்தியார். நான் நம்பவில்லை.

"நம்பாட்டிப் போ. லீவுல வீட்டுல வச்சுப் பாரு" என்று தட்டுகளைக் கொடுத்தனுப்பிவிட்டார்.

செய்முறை சுலபம். உருளைக்கிழங்கு வெந்த தண்ணீர், கொஞ்சம் சீனி, கடல்பாசி. காய்ச்சித் தட்டில் ஊற்றி உறையவிட்டு, இலையை ஒரு அழுத்து அழுத்தி எடுத்துவிட வேண்டும். இலையில் குடியிருந்ததெல்லாம் நாலு நாளில் அதில் முளைத்துவிடும்.

ஒன்றில் வேப்பிலையின் மேல்பக்கம். இன்னொன்றில் அடிப்பக்கம். மூன்றாவதில் வெற்றிலை.

முளைத்தது! மேல்பக்கத் தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி. வெயிலில் காய்கிற பக்கமாச்சே, யார் குடியிருப்பார்? அடிப்பக்கமோ நிழல், ஈரம். அங்கே ஒரே நெரிசல். ரம்பம் போட்ட ஓரம்கூட மாறாமல், ரோஸ் நிறத்தில் அச்சு அசல் வேப்பிலை! பார்க்க அவ்வளவு அழகு.

அந்த அழகுதான் வினையாகிப்போனது.

தட்டை எறும்பு ஏறாத இடத்தில் வைக்க வேண்டும். எங்கள் அமராவதிபுதூர் வீட்டில் அப்படி ஓர் இடம்தான் உண்டு. நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணங்களில் ஊன்றி நிற்கும் பலகார அலமாரி. அன்றைக்கு அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று தெரியும். தெரிந்தும் வைத்தேன். படிப்பு அவ்வளவு தூரம் தலைக்கேறியிருந்தது.

ஏற்கனவே ரெண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இந்த மாப்பிள்ளையை அக்காவுக்குப் பிடித்தும் இருந்தது. காலையிலேயே என்னைக் கூப்பிட்டு, "வந்தவுக முன்னாடி நீ வாயத் தொறக்காத. அது போதும்" என்றாள்.

எனக்கு அது சுலபம். என் குரல் அப்படி. நான் கத்தினாலே, "என்னடா முனங்குற?" என்பார்கள்.

மாப்பிள்ளை, அவர் அப்பா, பினாங்கில் பல வருசம் கடை வைத்திருந்துவிட்டு வந்த தாய்மாமன், மூவரும் வந்து உட்கார்ந்தார்கள். ஒத்தாசைக்கு நாட்டரசன்கோட்டையிலிருந்து வந்திருந்த சித்தி, தாம்பாளத்தோடு அடுப்படியிலிருந்து வெளிப்பட்டாள். அதிரசம், முறுக்கு. நடுவில் என் மூன்று தட்டுகள்!

"சித்தி, அது..."

"நீ செஞ்சதா? சொல்லவே இல்ல!"

"அது திங்கிற..."

"திங்கத்தானடா கொண்டு போறேன்!"

போயே போய்விட்டாள்.

பினாங்கு மாமா துள்ளி உட்கார்ந்தார். "அடேயப்பா, கடல்பாசி! அங்குட்டு இருக்கையில தின்ன இனிப்பு. இங்குட்டு யாருக்கு இது செய்யத் தெரியும்?"

"எங்க தம்பிதான். காலேசுல சொல்லிக் குடுத்திருக்காக" என்றாள் சித்தி.

மாமா அடிப்பக்கத் தட்டை எடுத்தார். நான் தூணுக்குப் பக்கத்திலிருந்து, "மாமா, வேணாம்" என்றேன்.

"பாருங்க, எம்புட்டு வெக்கம்!" என்றாள் சித்தி.

ஒரு கரண்டி. இன்னொரு கரண்டி. "லேசாப் புளிப்பு தட்டுது. மோர் சேத்தீகளோ?" என்று கேட்டுக்கொண்டே தட்டை வழித்து முடித்தார்.

அடுத்த தட்டு மாப்பிள்ளை கைக்குப் போனது. கரண்டி வாய்க்குக் கிட்டே.

"அது கிருமி!"

பிறந்ததிலிருந்து சேர்த்து வைத்த குரல் மொத்தமும் ஒரே நேரத்தில் வந்துவிட்டது. கரண்டி அந்தரத்தில் நின்றது.

"என்னது?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"கிருமிங்க. இலையில குடியிருக்குறது. அடிப்பக்கத்துலதான் ரொம்ப இருக்கும்."

யாரும் கேட்காத விவரம். மாமா காலித் தட்டை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

எங்கப்பா அவசரமாக வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டினார். "அவன் ஏதோ உளறுறான். நமக்கு நேரமாகுது, தட்ட மாத்திருவோம்."

அதை வாங்கப் போன மாப்பிள்ளையின் அப்பா கை பாதியில் நின்றது. "தம்பி, அந்த மூணாவது தட்டுல என்ன இலை?"

கொய்யா இலை என்று சொல்லியிருக்கலாம்.

"வெத்தலைங்க" என்றேன். அதோடு விட்டேனா? "கழுவுனாலும் முழுசாப் போகாதுங்க."

கை பின்னால் போய்விட்டது. கதவிடுக்கில் அக்காவின் ஒற்றைக் கண் தெரிந்தது. அந்தக் கண்ணில் நான் செத்து, காரியமும் முடிந்திருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்து துண்டை உதறினார். "கலந்துக்கிட்டுச் சொல்லி அனுப்புறோம்."

ஏற்கனவே வந்துபோன ரெண்டு வீட்டாரும் இதையேதான் சொன்னார்கள். இன்னும் சொல்லி அனுப்பவில்லை.

"உக்காருங்க மச்சான்!" பினாங்கு மாமாதான். "ஒரு தட்டு நெறையத் தின்னுட்டு நானே உக்காந்திருக்கேன். ஒத்த வெத்தலைக்கு நீக எந்திரிக்கிறீக!"

என் பக்கம் திரும்பினார். "ஏன் தம்பி, மீசை மொளைக்க முன்ன இருந்து வெத்தலை போடுறேன். இதெல்லாம் சேந்துதான் உள்ள போயிருக்கா?"

"ஆமாங்க மாமா."

"உசுரோடயா?"

"உசுரோடதாங்க."

"அப்ப இது பழைய ஒறவு மச்சான்! இன்னைக்கு முகத்தப் பாத்தாச்சு, அம்புட்டுத்தான்!" தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை உருவி, சுண்ணாம்பு தடவி வாயில் போட்டுக்கொண்டார்.

மாப்பிள்ளை குபீரென்று சிரித்துவிட்டார். அவர் அப்பா மாமாவின் வாயையே பார்த்தார். வெற்றிலை போட்டுப் பழகிய மனுசர், எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டே இருப்பார்? மெல்ல உட்கார்ந்தார்.

"தம்பி, எந்தப் பக்கத்தத் தொடைக்கணும்?"

"அடிப்பக்கத்தங்க."

ரெண்டு பக்கத்தையும் துடைத்தார். தட்டு மாறியது.

கிளம்பும்போது மாமா என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார். அவர் கை அவர் வயிற்றின் மேல் இருந்தது.

"வயித்த ஏதும் பண்ணுதா மாமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. கல்யாணத்துக்குச் செய்யும்போது சீனி கொஞ்சம் கூடப் போடு."