மூன்று பாக்கெட் கோழியும் பதினைந்து இலையும்

கோழிக்கறி பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கிறவர்கள் எல்லாரும் அதைப் படிக்கிறவர்கள் இல்லை. செஞ்சியில், திண்டிவனம் ரோட்டுச் சூப்பர் மார்க்கெட்டில் நின்று நான் கவனித்திருக்கிறேன். பாக்கெட்டை எடுப்பார்கள், தேதியைப் பார்ப்பார்கள், விலையைப் பார்ப்பார்கள், கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பார்கள். (ஐஸ் கட்டியாகிவிட்ட கோழியை அமுக்கினால் என்ன தெரியும் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.) பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு கட்டம் இருக்கும். புரதம் இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு, உப்பு இவ்வளவு. அதை ஒரு ஜீவனும் சீண்டாது.

நான் சீண்டுவேன். சென்னையில் ஊட்டச்சத்து படித்துவிட்டு ஊர் திரும்பியிருந்த புதிது. கையில் கிடைத்த பொட்டலத்தை எல்லாம் படிப்பேன். பக்கத்தில் நிற்பவர் கேட்காவிட்டாலும் அவருக்கும் படித்துக் காட்டுவேன். ஆட்கள் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு சோப்பு வரிசைக்கு ஓடுவார்கள். ஓடாமல் நின்ற ஒரே ஆள் சரவணன்.

சரவணன் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தவர். வல்லத்தில் டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. அடுத்த வாரமே கோழி ஃப்ரீசர் பக்கத்தில் தற்செயலாக நின்றுகொண்டிருந்தார். (டிராக்டருக்கும் ஐஸ் கோழிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.)

"இவ்ளோ சின்ன எழுத்துல இன்னாதாங்க போட்டுருக்குது?" என்றார்.

என்னிடம் கேட்டால் விடுவேனா? வரிவரியாகப் படித்தேன். ஃப்ரீசர் கதவைத் திறந்தே வைத்திருந்ததற்குக் கடைப் பெண் முறைத்தாள்.

"அப்ப இதத் துன்னா ராஜகிரி கோட்டை ஏறி எறங்கணுமா?"

"பாதி ஏறினாலே போதுங்க."

"நீங்களும் வந்தா முழுசா ஏறலாம்."

அதற்கப்புறம் கொழுப்பு வரியையே திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன் போல. அவர் திருத்தவில்லை.

எங்கள் பக்கத்தில், சம்பந்தம் பேசி முடியும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் காபியோடு நிறுத்திக்கொள்வார்கள். எல்லாம் ஒத்துவந்தால் ஒருநாள் சொந்தபந்தத்தோடு வந்து கறிச்சோறு சாப்பிடுவார்கள். கை நனைப்பது என்று பேர். சாப்பிட்டு எழுந்த கையோடு நிச்சயத்துக்கு நாள் குறிப்பார்கள். அந்த நாளுக்காக நான் எப்படிக் காத்திருந்தேன் என்பதை எந்தப் பாக்கெட்டிலும் அச்சடிக்க முடியாது.

நைனா நாட்டுக்கோழி வாங்கப் பையை எடுத்தார். நான் குறுக்கே நின்றேன்.

"நாட்டுக்கோழில எவ்ளோ கொழுப்பு இருக்குதுன்னு எங்க நைனா எழுதியிருக்குது? பாக்கெட்டுதான் வாங்கணும். அவருக்கும் அதான் புடிக்கும்."

"மாப்ளைக்கே ஜாதகம் பாக்கல. கோழிக்கு ஜாதகம் பாக்குறா பாரு ஒன் பொண்ணு," என்றார் அம்மாவிடம்.

பதினைந்து பேர் வருவதாகச் செய்தி. பரிமாறும் அளவு நூறு கிராம், ஒரு பாக்கெட் ஐந்து பேருக்கு என்று தெளிவாக அச்சடித்திருந்தது. மூன்று பாக்கெட் வாங்கினேன். அம்மா பையைக் கவிழ்த்து உதறினாள்.

"மீதி எங்கடி?"

"அவ்ளோதாம்மா. ஒரு ஆளுக்கு எவ்ளோன்னு கம்பெனியே கணக்குப் போட்டு எழுதியிருக்குது."

"நம்ம வூட்டுக்கே ஞாயித்துக்கெழம இவ்ளோ ஆவுதேடி!"

"அதான் நைனாவுக்குக் கொலஸ்ட்ரால்."

"படிச்ச புள்ள சொல்லுது, உடு," என்றார் நைனா. (அந்தப் பெருமைக்கு ஆயுள் மதியச் சாப்பாடு வரைதான்.)

ஐஸ் உருகித் தண்ணீராக ஓடும் என்பதும், வெந்தால் கறி சுண்டும் என்பதும், கை நனைக்க வருகிறவர்கள் காலையில் வெறும் டீயோடு வேன் ஏறுவார்கள் என்பதும் பாக்கெட்டின் பின்பக்கக் கட்டத்தில் இல்லை. அம்மா ஆளுக்கு ஒரு கரண்டி வைத்துவிட்டுத் திரும்பினாள். சரவணனின் தாய்மாமன் இலையைத் தட்டினார்.

"கறி வைம்மா."

குண்டானின் அடியில் கரண்டி கர்ரென்று உரசியது. பந்தி முழுக்கக் கேட்டது. அம்மா குழம்பை ஊற்றினாள்.

"கொழம்பு இருக்குதும்மா. கறி?"

நைனா பின்வாசல் வழியாக வண்டியைத் தள்ளிக்கொண்டு சிக்கன் கடைக்குப் பறந்தார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இல்லை. காலி பாக்கெட்டை எடுத்துக்கொண்டு பந்திக்கு நடுவில் போய் நின்றேன்.

"ஒரு ஆளுக்கு நூறு கிராம்தான் மாமா. அதுக்கு மேல போனா கொழுப்பு ஜாஸ்தி."

அவர் எச்சில் கையை அந்தரத்தில் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "இத எழுதுனவன் என்னிக்காவது வல்லத்துல சாப்ட்டுருக்கிறானாம்மா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சரவணனின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"எங்க புள்ளைக்கும் இப்டித்தான் அளந்து போடுவியா?"

"ஆமாங்க அத்தை," என்றேன். (பெருமையாக!)

நைனா கறிப் பையோடு திரும்பியபோது அவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். நாள் குறிக்கவில்லை. பிறகு தரகர் மூலம் பதில் வந்தது. நல்ல பெண்தானாம். ஆனால் அளக்கிற கையாம்.

சரவணனுக்குத் திருவண்ணாமலைப் பக்கம் பெண் அமைந்துவிட்டது. எங்கள் வீட்டில் இப்போதும் விருந்தாளி வந்தால் நைனா, "கிலோவா, கிராமா?" என்று கேட்டுவிட்டுத்தான் பையை எடுக்கிறார். சித்தப்பா பிள்ளைகளுக்கு என் பெயர் 'நூறு கிராம்'. அந்த மாமா கையைத் தூக்கிப் பிடித்த காட்சியை என்னைவிட நன்றாக நடிக்க ஆள் கிடையாது. கல்யாண வீடுகளில் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்கள். சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனால் மட்டும், ஃப்ரீசர் பக்கத்தில் யாருமே இல்லாதபோதும், கொஞ்சம் சத்தமாகப் படிக்கிறேன்.

வீட்டில் சொல்லும் அந்தக் கதையில் மாப்பிள்ளைக்கு ஒரு வசனம்கூடக் கிடையாது. அவர் பேசியதை யாரும் கேட்கவில்லை. அன்றைக்குக் கை கழுவச் செம்பில் தண்ணீர் ஊற்றியவள் நான். கடைசியாக வந்து கையை நீட்டினார். தலையைத் தூக்காமலே சொன்னார்:

"எனக்கு நூறு கிராம் போதுங்க."