யானில் வெயில் இல்லை

"சோலார்: பூஜ்யம்" என்றது மீட்டர்.

புவனேஸ்வரன் வேன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். கெடா மாநிலத்து யான் ஊரின் வயல்வெளி முழுக்க மண்டையைப் பிளக்கும் வெயில். மறுபடி மீட்டரைப் பார்த்தான். பூஜ்யம்தான்.

மெர்கோங்கில் தன் வீட்டு வாசலில் வேன் நின்றபோது, கூரை மேலிருந்த இதே சோலார் தகடு லேப்டாப்புக்கும் மின்விசிறிக்கும் கரண்டு கொடுத்தது. எட்டு மாதம் பாடுபட்டு வேனை வீடாக்கி, வயலோரம் உட்கார்ந்தே ஆபீஸ் வேலை பார்க்கலாம் என்று முந்தாநாள்தான் இங்கே வந்தான். வந்த மத்தியானமே கோளாறு.

"இன்னொரு தடவை மீட்டிங் நடுவுல லைன் கட்டாச்சுன்னா, திங்கக்கிழமை ஆபீசுக்கு வந்துடணும்," என்று மேலாளர் பிரேமாவதி நேற்றே சொல்லிவிட்டார். இன்று மூன்று மணிக்கு மீட்டிங்.

ஒரு விஷயம் ஏன் என்று தெரியாவிட்டால் புவனேசுக்குச் சோறு இறங்காது. ஆனால் பக்கத்துச் சாப்பாட்டுக் கடை சம்சியா அக்கா பொரித்துத் தரும் கருவாடு இருந்தால் எதுவும் இறங்கும். வந்த அன்றே, "கொஞ்சம் மேல ஏறணும் தம்பி" என்று அவனுடைய மடக்கு ஏணியை இரவல் வாங்கிப் போனார். அன்றிலிருந்து வேளை தவறாமல் கவனிப்பு.

"இன்னிக்கும் இங்கதானே தம்பி நிப்பீங்க?" என்று காலையில்கூட ஆசையாகக் கேட்டார். அவனுக்கு மனம் இளகிவிட்டது. கடைப் பூனைகள்கூட வேனையே சுற்றிச் சுற்றி வந்து கத்தின. ஊரே தன்மேல் பாசமாக இருப்பதாக நினைத்துக்கொண்டான்.

முதலில் மின்விசிறிமேல் சந்தேகப்பட்டு அதை நிறுத்தினான். வியர்வை கீபோர்டில் சொட்டியது. ஃபியூஸ்களைக் கழற்றி மாட்டினான். பூஜ்யம். வேறு வழியில்லாமல் லேப்டாப் ஒயரை எஞ்சின் பேட்டரியோடு இணைத்தான். ஒரு மணி நேரம் ஜோராக ஓடியது. பிறகு அந்த பேட்டரியும் படுத்துவிட்டது. இனி வண்டியும் கிளம்பாது.

இரண்டு ஐம்பதுக்குக் கடைக்கு ஓடினான். கல்லாவில் சம்சியாவின் கணவர் ஜலீல் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, கொஞ்சம் ஆப்பி பிஞ்சாம் பண்ணலாமா?"

ஜலீல் பாக்கெட்டில் கைவிட்டு ஒரு லைட்டரை நீட்டினார். "சிகரெட்ட கொறச்சுக்கங்க தம்பி. வயசு இருக்கு."

கெடாவில் மலாய்க்காரர் வாயில் நெருப்பும் 'ஆப்பி', கரண்டும் 'ஆப்பி'. மலாயில் 'பிஞ்சாம்' என்று கடன் கேட்டது தன் தப்பு.

"அந்த ஆப்பி இல்லண்ணே, கரண்டு! லேப்டாப்புக்கு!"

"அத தமிழ்லயே கேக்கக் கூடாதா லா?" என்று ஜலீல் நீள ஒயர் ஒன்றை இழுத்துக் கொடுத்தார்.

மூன்று மணி. திரையில் பிரேமாவதி வந்தார். புவனேஸ் நிமிர்ந்து உட்கார்ந்து, முதல் கணக்கை விளக்க வாயைத் திறந்தான். கடையில் ஜலீல் ஐஸ் அரைக்கும் மெஷினைத் தட்டினார். டப்! லேப்டாப், ஒயர், கடை, மெஷின் எல்லாம் ஒரே சமயத்தில் அடங்கின.

கைப்பேசியில் நான்கு சதவீதம் மிச்சம். வெளியே ஓடி வந்து வீடியோவில் கூப்பிட்டான்.

"மேடம், என் மேல தப்பு இல்ல. யான்ல வெயிலே இல்ல மேடம், சோலாரு வேலை செய்யல."

"உங்க பின்னாடி அடிக்கிற வெயில்ல எனக்குக் கண்ணு கூசுது புவனேஸ்," என்றார் பிரேமாவதி. "திங்கக்கிழமை, ஒம்போது மணி."

கைப்பேசி அணைந்தது. எட்டு மாத உழைப்பு இரண்டே நாளில் முடிந்துபோனதில் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஜலீல் தன் காரைக் கொண்டுவந்து, பேட்டரிக்கு பேட்டரி ஒயர் கொடுத்து வேனை உயிர்ப்பித்தார். இத்தனை நல்ல மனிதர்களை விட்டுப் போகிறோமே என்ற வருத்தத்தோடு புவனேஸ் கியரைப் போட்டான்.

சமையலறையிலிருந்து சம்சியா அக்கா ஏணியைத் தூக்கிக்கொண்டு அலறியடித்து ஓடி வந்தார்.

"ஐயோ, வண்டிய எடுத்துராதீங்க தம்பி! மேல அந்தக் கறுப்புத் தட்டு முழுக்க என் கருவாடு காயுது லா!"