எப்ராயிம் லூமிஸின் இருமல்

கணவன் சூரியன், மனைவி அவனைச் சுற்றிவரும் பூமி என்ற பேருண்மையை நான்கு நாவல்களில் அமெரிக்கப் பெண்குலத்துக்கு எடுத்துரைத்தவர் திருமதி எப்ராயிம் லூமிஸ். பாஸ்டன் முதல் பால்டிமோர் வரை தாய்மார்கள் அவற்றை பைபிளோடு சேர்த்துக் கட்டி, புகுந்த வீடு போகும் மகள்களிடம் கொடுத்தனுப்பினார்கள். எப்ராயிம் லூமிஸ் என்று ஒருவர் இல்லை என்பதுதான் ஒரே குறை.

நாற்பத்திரண்டு வயது டார்க்கஸ் லூமிஸ் கனெக்டிகட்டின் ஒரு சிற்றூருக்கு வந்தபோது, தனிப் பெண்ணுக்கு வீடு தர ஒருவரும் தயாராக இல்லை. "வீட்டுக்காரர் கலிஃபோர்னியாவுல தங்கம் தோண்டப் போயிருக்கார்" என்றாள். ஊரின் பாதி ஆண்கள் அங்கேதான் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மறுநாளே சாவி கிடைத்தது. அட்டையில் 'திருமதி' என்று போட்டதும் கதைகளும் மளமளவென்று அச்சேறின.

வம்பு ஐந்தாவது நாவலில் வந்தது. அதில் ஹல்டா என்ற பெண், தகப்பன் விட்டுப்போன மர அறுவை ஆலையைத் தனியாளாக நடத்துகிறாள். கடைசி அத்தியாயத்தில், பெண் கேட்டு வந்த மாப்பிள்ளையை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டு ரம்பத்துக்கு எண்ணெய் போடப் போகிறாள். டார்க்கஸ் மனமார எழுதிய முதல் கதை அதுதான். ஒரு வரி மாறாமல் அது வெளிவந்துவிட்டால் போதும், அப்புறம் செத்தாலும் சரி என்றிருந்தாள்.

பாஸ்டன் பதிப்பாளர் பிரிங்கிள் பதில் எழுதினார்: 'அம்மணி, மணமான பெண்ணின் கையெழுத்து சட்டப்படி செல்லாது. தங்கள் எழுத்து தங்கள் கணவரின் உடைமை. இதுவரை நான் அதைப் பொருட்படுத்தவில்லை; இம்முறை ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்திட வேண்டும். கடைசி அத்தியாயத்தை அவர் படித்தாரா என்றும் அறிய ஆவல்.'

வேலைக்காரி நோரா அடுப்பிலிருந்து தலையைத் தூக்கினாள். "இல்லாத மனுஷன் எப்படிம்மா கையெழுத்துப் போடுவாரு?"

"இடது கையால."

இடது கையே ஒரு கடிதமும் எழுதியது. தங்கம் போதுமென்று ஊர் திரும்பிவிட்டதாகவும், மனைவியின் கதையில் ஒரு வரியையும் மாற்றக்கூடாது என்றும் எப்ராயிம் அதில் திட்டவட்டமாகச் சொல்லியிருந்தார். பிரிங்கிள் உருகிப்போனார். 'எந்தக் கணவரும் இப்படி எழுதி நான் கண்டதில்லை. வியாழக்கிழமை நேரில் வந்து கைகுலுக்குகிறேன்.'

அந்தப் பதில் எப்ராயிம் பெயருக்கே வந்தது. தபால் நிலையத்தில் அந்தப் பெயரைப் படித்தார்கள். மத்தியானத்துக்குள் லூமிஸ் திரும்பிவிட்ட செய்தி ஊரெல்லாம் பரவிவிட்டது.

"ஆளைக் காட்டுங்கன்னு வரப் போறாங்க" என்றாள் நோரா.

"உடம்பு சரியில்ல. வர்ற வழியில பிடிச்ச பனாமாக் காய்ச்சல், ஒட்டிக்கும். நீ உள்ளே போய்ப் படு. யாராவது வந்தா இருமு."

முதலில் வந்தவர் சபை மூப்பர் கேட்ஸ். முற்றத்தில் நின்றே கத்தினார். "லூமிஸ்! தங்கம் கிடைச்சுதாய்யா?"

உள்ளே இருமல்.

"கிடைச்சிருக்கு. அதான் வாயைத் திறக்க மாட்டேங்கிறான்" என்று திருப்தியோடு போனார்.

அடுத்து அவர் மனைவி வந்தாள், கஸ்டர்டோடு. பிறகு போதகரின் மனைவி, தபால்காரரின் மனைவி. தினமும் மூன்று கிண்ணம். மூடிய கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, நோயாளிக்கு ஆறுதல் சொல்லிவிட்டு எழுந்து போவார்கள்.

"சீக்கிரம் குணமாக்கிடாதீங்கம்மா" என்றாள் நோரா, கிண்ணத்தை வழித்தபடி.

காய்ச்சல் ஒட்டிக்கும், வர வேண்டாம் என்று டார்க்கஸ் எழுதியதற்கு, புதன்கிழமை பிரிங்கிளிடமிருந்து தந்தி வந்தது: 'பனாமாக் காய்ச்சல் எனக்கு ஏற்கெனவே வந்து போனது. அச்சமில்லை. வருகிறேன்.'

டார்க்கஸ் தந்தியை மடித்து வைத்தாள். "நோரா, எழுந்து வா. அவர் போய்ட்டார்."

தொற்று பயத்தில் சவப்பெட்டியைத் திறக்கச் சொல்ல யாருக்கும் துணிச்சலில்லை. உள்ளே நான்கு நாவல்களும், ஒவ்வொன்றிலும் முப்பது பிரதி. தூக்கிய ஆண்களுக்கு மூச்சு வாங்கியது. "கலிஃபோர்னியாவுல நல்லாவே சாப்பிட்டிருக்கான்" என்றார் ஒருவர். மூப்பர் கேட்ஸ், தன் ஆருயிர் நண்பனோடு கடைசியாக மனம்விட்டுப் பேசியவன் தான்தான் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன்னுடைய சூரியனும் பூமியும் மண்ணுக்குள் இறங்குவதைக் கறுப்புத் துணிக்குள்ளிருந்து டார்க்கஸ் பார்த்தாள். நிஜமாகவே அழுகை வந்தது.

கல்லறைத் தோட்டத்துக்கே வந்துவிட்ட பிரிங்கிள் தொப்பியைக் கழற்றினார். "அம்மணி, இனி உங்க கையெழுத்து செல்லும்."

அவளுக்கு உயிர் வந்தது.

"ஆனா இந்தக் கதை அவர் உயிரோட இருந்தப்ப எழுதினது. அவர் சொத்து. பிள்ளையில்லாத விதவைக்குப் பாதி. மீதி அவரோட ரத்த உறவுக்கு. கவலைப்படாதீங்க, பத்திரிகையில விளம்பரம் கொடுத்துடறேன்."

இல்லாத மனிதருக்கு எங்கிருந்து உறவு வரும் என்று டார்க்கஸ் நிம்மதியாக இருந்தாள். ஒன்பதாம் நாள் ஒஹாயோவிலிருந்து தம்பி வந்துவிட்டான். பெயர் லெமுவேல்.

"அண்ணி!" என்று வாசலிலேயே விழுந்து அழுதான். "அண்ணனுக்கும் எனக்கும் ஒரே மூக்கு."

மூக்கு அச்சு அசலாக அப்படியே இருப்பதாக மூப்பரும் சொன்னார்.

அழுது முடித்ததும் கடைசி அத்தியாயத்தைப் படித்தான். முகம் சிவந்தது. "இது நம்ம குடும்பத்துக்கு அடுக்காது அண்ணி. பாதி எனக்குச் சொந்தம். அந்தப் பொண்ணுக்கு ஒழுங்கா ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைங்க. ஆலையை மாப்பிள்ளை பாத்துக்கட்டும்."

"யோசிச்சா, கல்யாணத்துல முடியறதுதான் வாசகர்களுக்கும் நல்லது" என்றார் பிரிங்கிள்.

வழக்கு வாரிசுரிமை நீதிபதியிடம் போனது. டார்க்கஸுக்கு இரண்டு வழிகள்தான் இருந்தன. அப்படியொரு புருஷனே இல்லை என்று சொன்னால், பொய்க் கையெழுத்துக்குச் சிறை. சொல்லாவிட்டால் ஹல்டாவுக்குக் கல்யாணம். சிறைக்குப் போனாலும் புத்தகம் வெளிவராது. லெமுவேலுக்குப் பாதி என்று எழுத நீதிபதி பேனாவைத் தொட்டார்.

"ஐயா, ஒரு நிமிஷம்" என்று திருமதி கேட்ஸ் எழுந்தாள்.

மூப்பர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். "உனக்கு என்ன தெரியும்? உக்காரு!"

அவள் உட்காரவில்லை. "நான் கஸ்டர்டு கொண்டுபோனப்ப, மனசு கேக்காம கதவு வழியா என்கிட்ட ஒண்ணு சொன்னார். இந்தம்மாவைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடியே ஒஹாயோவுல ஒருத்தியைக் கட்டியிருந்தாராம். அவ இன்னும் இருக்காளாம்."

கூடம் அதிர்ந்தது. அதிர்ச்சி அடங்குமுன் தபால்காரரின் மனைவி எழுந்தாள். "என்கிட்ட பாஸ்டன்னு சொன்னாரே."

போதகரின் மனைவி பைபிள்மேல் கை வைக்கத் தயங்கினாள். பிறகு வைத்தாள். "எனக்குச் சொன்னது பனாமா."

நீதிபதிக்கு வியர்த்தது. "பிள்ளைகள்?"

"எண்ணிக்கை சொன்னார். இருமல்ல சரியா கேக்கல."

நீதிபதி லெமுவேல் பக்கம் திரும்பினார். "வாரிசு நீர் என்றால் மூன்று குடும்பங்களையும் காப்பாற்றும் பொறுப்பும் உம்முடையதுதான். எழுதிக்கொள்ளலாமா?"

லெமுவேல் மூக்கைத் தடவினான். "எங்க அண்ணன் பேரும் எப்ராயிம்தான் ஐயா. இந்த எப்ராயிம் வேற ஆளு போலிருக்கு." பன்னிரண்டு மணி ரயிலில் அவன் ஏறியதைப் பார்த்தவர்கள் உண்டு.

தீர்ப்பு நான்கே வரி. ஏமாற்றப்பட்ட இந்தப் பெண்ணின் திருமணம் செல்லாது. அவள் எழுதியது முழுக்க அவளுக்கே சொந்தம். பிரிங்கிள் அங்கேயே ஒப்பந்தத்தை நீட்டினார். டார்க்கஸ் வலது கையால் கையெழுத்திட்டாள், ஒரு வரியும் மாறாது என்று எழுதி வாங்கிக்கொண்டு.

வெளியே படிக்கட்டில் திருமதி கேட்ஸ் கையுறை மாட்டிக்கொண்டிருந்தாள். டார்க்கஸ் மெதுவாக அவள் அருகில் போய் நின்றாள்.

"அவர்... உங்ககிட்ட நிஜமாவே அப்படிச் சொன்னாரா?"

"நோரா இருமினா. நான் கேட்டுக்கிட்டேன்."

டார்க்கஸுக்குக் காது மடல் வரை சூடேறியது. "உங்களுக்கு எப்ப தெரியும்?"

"எனக்கு மட்டுமா? உங்க முதல் புத்தகம் வந்த வாரமே ஊர்ல கல்யாணமான பொம்பளைங்க அத்தனை பேருக்கும் தெரியும்மா."

"எப்படி?"

திருமதி கேட்ஸ் கடைசி விரலையும் நுழைத்துக்கொண்டாள்.

"மூணாவது பக்கத்துல புருஷன் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, 'இன்னைக்குப் பூரா என்ன பண்ணினே'ன்னு பொண்டாட்டியைக் கேட்டுட்டு, அவ சொல்றதைக் கடைசிவரைக்கும் கேக்கறான்."