சீக்லிண்டேயைத் தேர்ந்தெடுத்த பாம்பு

போன குளிர்காலத்தில் எங்கள் ஊரில் நாய்க்கும் பூனைக்கும் மரியாதை போய்விட்டது. எல்லோருக்கும் போவாப் பாம்பு வேண்டியிருந்தது. தென்னமெரிக்கக் காட்டில் சிவனே என்று கிடந்த மலைப்பாம்புக்கு எங்கள் ஊரில் திடீரென்று பெரிய மனுஷி அந்தஸ்து. அதிலும் கடையில் காசு கொடுத்து வாங்கும் பாம்பு கூடாது. உங்களைத் தானாகவே தேர்ந்தெடுத்துக்கொண்ட பாம்பாக இருக்க வேண்டும்.

மாதத்தில் ஒரு ஞாயிறு, காலை பத்து மணிக்கு, துப்பாக்கிச் சங்க மண்டபத்தின் வாசலில் வரிசை தெருமுனைவரை நிற்கும். பல் மருத்துவர் நிற்பார். வரி அலுவலக அதிகாரி நிற்பார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் வின்டர்ஷைட் மூன்று முறை நின்றார். நாற்பது வருடம் சொல்லிக்கொடுத்த கணக்கு அவரைக் காப்பாற்ற வரவில்லை.

உள்ளே, மான் கொம்புகளுக்கும் துப்பாக்கிப் போட்டிக் கோப்பைகளுக்கும் நடுவே, சணல் சட்டையும் வெறுங்காலுமாக நிற்பவர் மாஸ்டர் ரைமுண்ட். இரண்டு வருடத்துக்கு முன்பு தரைவிரிப்பு விற்றுக்கொண்டிருந்தார். கடை மூடியது, ஞானம் திறந்தது. இரண்டும் ஒரே வாரத்தில் நடந்தது தற்செயல் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள்.

"நீங்க பாம்பைத் தேடி வரல. பாம்புதான் உங்களைத் தேடிக்கிட்டிருக்கு" என்பார். அறுபது பேர் பெருமூச்சு விடுவார்கள். "ஜன்னலையெல்லாம் திறங்க! பழைய சக்தி வெளிய போகட்டும்!"

ஜனவரி மாதம் ஐயா, ஜனவரி! ஆனால் நாங்கள் பனி கொட்டினாலும் காலையும் மாலையும் ஜன்னலை அகலத் திறந்துவைத்து வீட்டைக் காற்றாட விடுகிற சாதி. வேறு ஊராக இருந்தால் "யோவ், குளிருது, மூடுய்யா" என்று ஒருவராவது கத்தியிருப்பார். நாங்களோ "எவ்வளவு சுகாதாரமான மனிதர்!" என்று மெச்சிக்கொண்டு, கோட்டுப் பித்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டோம்.

மேடையில் ஒரு நீள மேசை. அதன்மேல் ஒரு கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் குட்டி போவா. பின்னால் துணித் தடுப்பு, அதில் மூன்று ஓட்டைகள். தடுப்புக்குப் பின்னே மூன்று நாற்காலிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் கை கழுவ ஒரு கிண்ணம். கழுவிய கையைப் பட்டுத்துணியால் மூடி ஓட்டை வழியாகப் பெட்டிக்குள் நீட்ட வேண்டும். "முகத்தைப் பார்த்தா என் மனசு சாய்ஞ்சிடும்" என்பார் மாஸ்டர். என்ன நேர்மை! முதல் நாற்காலிக்கு அறுபது யூரோ, செம்புக் கிண்ணம். மற்ற இரண்டுக்கும் பத்து யூரோ, மண் கிண்ணம். பாம்பு ஒவ்வொரு முறையும் அறுபது யூரோ நாற்காலிக்குத்தான் ஊர்ந்து போகும். பிறகு, தேர்ந்தெடுத்த பாம்பை விலை கொடுத்து வாங்காமல் வர யாருக்கு மனசு வரும்? கடைவிலையைப்போல ஐந்து மடங்கு விலை.

அப்படி அக்டோபரில் வாங்கியவர்தான் ஹைட்ருன் லோமன். பேக்கரியில் ரொட்டி விற்கிறவர், வயது ஐம்பத்தொன்பது. நாய் முடியும் பூனை முடியும் ஒத்துக்கொள்ளாது, தும்மியே செத்துவிடுவார். மகள் நார்வேக்குப் போய்விட்டாள். வீட்டுக்குள் மூச்சு விடுகிற இன்னொரு உயிர் வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

அவர் முட்டாள் இல்லை, கண்ணுகளா. நூலகத்துப் புத்தகத்தைப் படித்து ஒரு பட்டியலே எழுதிவைத்திருந்தார். பூட்டுப்போட்ட பெரிய கண்ணாடிக் கூடு. ஒளிந்துகொள்ள ஒரு குகை. படுத்து ஊறும் அளவுக்குத் தண்ணீர்த் தொட்டி. ஒரு பக்கம் சூட்டு விளக்கு, மறுபக்கம் கொஞ்சம் குளுமை, இரண்டு பக்கமும் வெப்பமானி. பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை, உறையவைத்து உருக்கிய சுண்டெலி ஒன்று; பாம்பின் உடம்பு பருமனுக்கு மிஞ்சாமல்.

மாஸ்டர் அந்தப் பட்டியலை வாங்கி அன்போடு நான்காகக் கிழித்தார்.

"புத்தகத்துப் பாம்பு வேற, உங்க பாம்பு வேற. விளக்கு வெச்சா அதை அவமானப்படுத்தறீங்க. உங்க இதயத்தோட சூடு போதும் அதுக்கு. அமாவாசைக்கு அமாவாசை ஊட்டுங்க. ஊட்டறதுக்கு முன்னாடி, நீங்க மன்னிச்ச ஒருத்தர் பேரை எலியோட காதுல சொல்லுங்க."

ஹைட்ருன் சொன்னார். செத்த எலியின் காதில் முதலில் முன்னாள் கணவரை மன்னித்தார், அடுத்த அமாவாசைக்குப் பேக்கரி முதலாளியை மன்னித்தார். டிசம்பரில் ஆள் கிடைக்காமல், ரொட்டியைக் கிள்ளிப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிற ஒரு வாடிக்கையாளரை மன்னித்தார். ஹெர்மீனே, அதுதான் பாம்பின் பெயர், மூன்று எலியையும் கக்கியது.

"அது எலியைக் கக்கல. உங்க துக்கத்தைக் கக்குது" என்றார் மாஸ்டர். அதற்கும் தனிக் கட்டணம்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை ஹைட்ருன் வீட்டு ஹீட்டர் 'டொக் டொக்' என்று தட்ட ஆரம்பித்தது. ரிப்பேர் பார்க்க வந்தவள் கெசீனே டாடன். நாற்பது வயது, தோளில் கருவிப்பை, வாயில் எப்போதும் ஏதாவது நக்கல். வேலையை முடித்து நிமிர்ந்தவள் கூட்டைப் பார்த்தாள்.

"ஃப்ராவ் லோமன், இது உயிரோட இருக்கா, பொம்மையா?"

"ஏம்மா அப்படிக் கேக்கறே? ஹெர்மீனே அமைதியான பொண்ணு."

சுவரின் சூடு பார்க்கிற கருவியைக் கெசீனே பாம்பின்மேல் காட்டினாள். "பதினேழு டிகிரி. அமைதியான பொண்ணு இல்லீங்க, ஃபிரிட்ஜ்ல வெச்ச சாசேஜ்! விளக்கு எங்க?"

"இதயத்தோட சூடு..."

"உங்க இதயத்துக்கு வயர் எங்கேர்ந்து இழுத்திருக்கீங்க?"

பாம்பின் வாயோரம் நுரை கட்டியிருந்தது. மூச்சு விடும்போது சீழ்க்கைச் சத்தம் வந்தது. கெசீனே மறுபேச்சுக்கு இடம் கொடுக்காமல் இரண்டு பேரையும் வண்டியில் ஏற்றிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனாள்.

"நுரையீரல்ல சளி" என்றார் மருத்துவர். "ஊசி போட்டிருக்கேன். ஆனா உடம்பு சூடாகாம ஊசி வேலை செய்யாது. இத்தனை குளிர்ல எதையும் செரிக்கவும் முடியாது, அதான் கக்கியிருக்கு. ஒரு பக்கம் முப்பத்திரண்டு டிகிரி வேணும். தள்ளிப்போட்டா அடுத்த வாரம் என்கிட்ட தூக்கிட்டு வர வேண்டியிருக்காது."

ஹைட்ருன் வாசலிலேயே மாஸ்டருக்குப் போன் போட்டார். போனை வைத்துவிட்டுக் கெசீனேயிடம் திரும்பினார். "விளக்கு போட்டா பந்தம் அறுந்து மூணாம் நாள் செத்துடும்ங்கறாரு. நாளைக்குக் கூட்டிட்டு வரச் சொல்றாரு. நான் யார் பேச்சைக் கேக்கறது? நானே கொன்னுட்டா?"

கெசீனே நக்கலை விட்டுவிட்டுப் பேசினாள். அவளுக்கு அது அபூர்வம்.

"சரி, ஒரு ஒப்பந்தம். சூட்டு விளக்கு ஒண்ணு வாங்கி என் வண்டில வெச்சுக்கறேன். நாளைக்குக் காலைல அந்த ஆளை ஒரே ஒரு சோதனை. அவரு சொல்றது நெசம்னா, வாயை மூடிக்கிட்டுப் போயிடறேன். பொய்னா, அந்த நிமிஷமே விளக்கு. சம்மதமா?"

"சம்மதம்" என்றார் ஹைட்ருன். அன்று முழுக்க, மறுநாள் மண்டபத்திலும், ஹெர்மீனேயைத் துணிப்பையில் போட்டுத் தன் ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டே இருந்தார். பதினேழுக்கு அது எவ்வளவோ மேல்.

ஞாயிறு காலை கெசீனே மூன்று நாற்காலிக்கும் சீட்டு வாங்கினாள். முதலாவது கெசீனே. இரண்டாவது ஹைட்ருன். மூன்றாவது பெயர், சீக்லிண்டே. தடுப்புக்குப் பின்னால் போகும் வழி சமையலறையைத் தொட்டபடி போகிறது. உள்ளே சங்கத்துச் சமையல்காரம்மா, மதியச் சாலடுக்காக ஒரு அண்டா உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்.

தடுப்புக்குப் பின்னால் எல்லாம் தயார். மாஸ்டர் கையைத் தூக்கினார். பட்டுத்துணி மூடிய மூன்று உருவங்கள் ஓட்டை வழியாகப் பெட்டிக்குள் வந்தன. ஜன்னல் வழியே காற்று கோப்பைகளைக் கிணுகிணுக்க வைத்தது.

குட்டிப் பாம்பு தலையைத் தூக்கியது. முதல் கையை நாக்கால் துழாவியது. நகர்ந்தது. மாஸ்டரின் புருவம் உயர்ந்தது. இரண்டாவது கையையும் தாண்டியது. நேராக மூன்றாவதிடம் போய், சுற்றி, சுற்றி, இன்னொரு சுற்றும் சுற்றி, தலையை அதன்மேல் சாய்த்துக்கொண்டது. அப்படி ஒரு தழுவலை அந்த மண்டபம் அதற்கு முன் பார்த்ததில்லை. வரி அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாஸ்டர் அரை நொடிதான் திகைத்தார். வியாபாரி அல்லவா? எந்த நாற்காலியிலும் வாங்குகிறவர்தானே இருக்கிறார்.

"சீக்லிண்டே அம்மா!" கண்ணை மூடிக்கொண்டார். "மண்ணோட பிணைஞ்ச ஆன்மா நீங்க. ரொம்ப காலம் இருட்டுல கிடந்திருக்கீங்க."

"ஆமாங்க" என்றாள் கெசீனே, தடுப்புக்குப் பின்னாலிருந்து. "அவங்க பேச மாட்டாங்க. கூச்சம்."

"சமீபத்துல பெரிய கொதிப்பைத் தாண்டி வந்திருக்கீங்க."

"இன்னிக்குக் காலைலதான்."

"போன ஜென்மத்துல நீங்களும் இந்தப் பாம்பும் தாயும் மகளும்!"

கெசீனே தடுப்பைத் தள்ளினாள். மூன்றாவது நாற்காலி காலி. பட்டுத்துணியை எடுத்தாள். ஒரு தடித்த கம்பளிக் காலுறை. அதன் வாயைப் பிரித்துக் காட்டினாள்.

உருளைக்கிழங்கு. எங்கள் ஊரில் உருளைக்கிழங்கு வகைகளுக்குப் பெண்கள் பெயர்தான் வைப்போம். இது சீக்லிண்டே வகை. சமையலறையில் இருந்த சாக்குமேலேயே அச்சடித்திருந்தது.

சமையலறைக் கதவிலிருந்து ஒரு குரல்: "அடியேய், அது என்னோடது! பன்னண்டு மணிக்குச் சாலட் போடணும்!"

"சுடாம, முப்பத்தஞ்சு டிகிரிக்கு ஆற வெச்சுதான் கொண்டாந்தேன்" என்றாள் கெசீனே. "ஜன்னலைத் திறந்துபோட்ட குளிர்ல பாம்புக்குச் சூடு வேணும், அதான் சூடா இருக்கறதுகிட்ட போகுது. செம்புக் கிண்ணத்துல நாப்பத்தாறு டிகிரி. மண் கிண்ணத்துல ஒன்பது. நான் அறுபது யூரோ குடுத்தும் செம்புல கையை விடல. பாருங்க, என்னை அதுக்குப் பிடிக்கவே இல்ல."

"உங்க சந்தேகம் அதைக் குழப்பிடுச்சு!" என்றார் மாஸ்டர்.

கணக்கு வாத்தியார் எழுந்தார். மேடையேறி, செம்புக் கிண்ணத்தைப் பத்து யூரோ நாற்காலிப் பக்கம் நகர்த்தி, கையை நனைத்து, பெட்டிக்குள் நீட்டினார். பாம்பு காலுறையை விட்டு அவரிடம் வந்தது. வாத்தியாரின் முகம் சிவந்தது.

"மூணு தடவை" என்றார். "மூணு தடவை அறுபது யூரோ குடுத்தேனேடா, பாவி!"

மாஸ்டர் பின்வாசல் வழியாகப் புறப்பட்டார். வெறுங்கால் ஞானியின் பூட்ஸ் அங்கே காத்திருந்தது, உள்ளே ஆட்டுரோமம் வைத்துத் தைத்தது.

ஹைட்ருன் இன்னும் நாற்காலியை விட்டு எழவில்லை. மண் கிண்ணத்தில் நனைத்த கை விறைத்துச் சிவந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்குக் குளிரெடுத்திருக்கு, கெசீனே. வேற ஒண்ணுமில்ல. மூணு மாசமா என் புள்ளைக்குக் குளிரெடுத்திருக்கு. நான் எலி காதுல கதை சொல்லிட்டிருந்திருக்கேன்."

"எழுந்திரிங்க, ஃப்ராவ் லோமன். அழறதை வண்டில வெச்சுக்கலாம். விளக்கு காத்துக்கிட்டிருக்கு."

அரை மணி நேரத்தில் ஹெர்மீனேயின் கூட்டில் வெளிச்சம் விழுந்தது. மூன்றாம் நாள் அது சாகவில்லை. வெளிச்சத்துக்கு அடியில் போய் நீட்டி நிமிர்ந்து படுத்தது. ஊசியும் சூடுமாக ஐந்து வாரம் ஆயிற்று. பிறகு ஒரு சின்னச் சுண்டெலி, காதில் எந்தப் பெயரும் சொல்லாமல். விழுங்கியது. கக்கவில்லை. ஹைட்ருன் இரண்டு நாள் பேக்கரியில் எல்லோருக்கும் ஒரு ரொட்டி கூடுதலாகப் போட்டார்.

கதை இதோடு முடிந்தது என்றால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அன்று மண்டபத்தில் கூட்டம் கலைந்தபோது பல் மருத்துவர் கெசீனேயின் பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்: "அந்த உருளைக்கிழங்கு... விக்கிறதுக்கா?"

சிரிக்கிறீர்கள், கண்ணுகளா. சிரியுங்கள். ஆனால் உங்களுக்கென்றே ஒன்று உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டது என்று நாளை ஒருவன் சொன்னால், பணப்பையைத் திறக்கும் முன் உங்கள் கையைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், சூடு பண்ணியவன் யார் என்று கேளுங்கள்.