தொரையைத் திருப்பி அனுப்பும் விஷயம்

புந்தோங், ஈப்போ
14.6.1983

மரியாதைக்கும் பாசத்துக்கும் குறைவில்லாத மச்சான் ஜெயபாலனுக்கு,

உன் அக்கா புருஷன் ஐயாவு புந்தோங்கிலிருந்து எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அக்கா செல்லாயி சுகம். போன தீபாவளிக்கு ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து மீன் கூடைக்குள் வைத்து நீ கொண்டுவந்து கொடுத்த நாய் எங்கள் இரண்டு பேரையும்விடச் சுகம். அங்கே உன் சம்சாரம், பிள்ளைகள், படகு, வலை எல்லாவற்றையும் கல்லுமலை முருகன் பார்த்துக்கொள்வான். படகு இன்ஜின் பழையபடி இருமுகிறது என்று கேள்விப்பட்டேன், அதை மட்டும் முருகனிடம் விடாமல் நீயே பார்.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை மீன் லாரியை எடுத்துக்கொண்டு வந்து நாயைத் திரும்பக் கொண்டுபோய்விடு. உன் அக்காவுக்கு இது தெரியாது. நீ ஏதோ வேலையாக ஈப்போ பக்கம் வந்ததுபோல வா. நாயைப் பார்த்ததும், ஐயோ இளைத்துவிட்டதே, இதற்குக் கடல் காற்று வேண்டும் என்று நீயாகவே ஒரு வார்த்தை போட்டு வை. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஏன் இந்த முடிவு என்று கேட்பாய். கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்.

முதல் கோளாறு நீ வைத்த பெயர். ரப்பர் தோட்டத்தில் முப்பத்தொரு வருஷம் இருந்தேன், அதில் பதினெட்டு வருஷம் ஆட்களை மேய்க்கும் மண்டோர். விடியற்காலைப் பெரட்டில் அறுபது பேரை வரிசையாக நிறுத்தி ஒரு குரல் கொடுத்தால் போதும், அறுபது பேரும் வாளியைத் தூக்கிக்கொண்டு அவரவர் நிரைக்குப் போய்விடுவார்கள். அப்பேர்ப்பட்ட நானே மானேஜர் தொரையின் கார் வந்தால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நிற்பேன். நீ என்னடாவென்றால் நாய்க்குத் தொரை என்று பெயர் வைத்துவிட்டு நிம்மதியாக பஸ் ஏறிவிட்டாய். தொரை, இங்கே வா என்று அதட்ட வாயைத் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது, கை தானாகத் தலைக்குப் போகிறது. நாய் அதைக் கவனித்துவிட்டது. நான் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும், பார்த்துவிட்டுத் தன் வேலையைத் தொடரும். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்று எங்களை வெளியே அனுப்பியபின் எனக்குச் சிம்பாங் பூலாயில் ஒரு மார்பிள் பேக்டரியில் ஜாகா வேலை. கேட்டில் உட்கார்ந்து வருகிற லாரியின் நம்பரை எழுத வேண்டும். அங்கே என் அதட்டலுக்கு ஆள் கிடையாது, லாரியை அதட்டினால் அது ஓடியும் விடாது. வீட்டிலாவது ஒரு ஜீவன் நான் சொன்னதைக் கேட்கட்டுமே என்ற ஆசையில்தான் நாயை வளர்க்கச் சம்மதித்தேன். ஆனால் அது உன் அக்கா சொன்னால்தான் கேட்கிறது. அவள் அடுப்படியிலிருந்து "ஏய்" என்றால் போதும், இருந்த இடத்தில் உட்கார்ந்துவிடுகிறது.

இந்த நேரத்தில்தான் பேப்பரில் ஒரு சின்ன அறிவிப்பைப் பார்த்தேன். கனடாவில் இருபத்திரண்டு வருஷம் ஓநாய்களின் பின்னால் நடந்து ஆராய்ச்சி செய்த விஸ்வலிங்கம் என்பவர் ஈப்போவுக்குத் திரும்பியிருக்கிறாராம். வாசகசாலை மண்டபத்தில் நாய்களின் குணம் பற்றிப் பேசப்போகிறாராம். அனுமதி இலவசம், தேநீர் உண்டு. போனேன். யாழ்ப்பாணத்துக் குடும்பம், ரிடையர் ஆன ஞானம்மா டீச்சரின் தம்பி. ஈப்போ வெயிலில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வேர்க்காமல் நிற்கிற மனிதரை அன்றுதான் பார்த்தேன். கூட்டத்துக்குப் பதினொரு பேர் வந்திருந்தோம். வடை தீர்ந்ததும் மூன்று பேரானோம், அதில் ஒருவர் அவருடைய சொந்த அக்கா. நான் எழுந்து, ஐயா, இந்த நாட்டிலேயே ஓநாய் கிடையாதே, அதன் குணத்தைத் தெரிந்துகொண்டு நாங்கள் என்ன செய்வது என்று பணிவாகக் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஓநாய் இல்லையெண்டு நீங்கள் நினைக்கிறியள். உங்கட வாசல்ல கட்டிக் கிடக்கிறது வேற என்ன?" என்றார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னது முழுவதையும் நான் மூச்சு விடாமல் கேட்டேன். ஓநாய்க் கூட்டத்துக்கு ஒரு தலைவர் உண்டாம். நாயும் அந்த ஜாதிதான் என்பதால் ஒரு வீட்டுக்குள் வந்ததும் இங்கே யார் தலைவர் என்றுதான் முதலில் பார்க்குமாம். இடம் காலியாக இருந்தால் தானே எடுத்துக்கொள்ளுமாம். வாசலில் முதலில் நுழைகிறவர் தலைவர், உயரமான இடத்தில் உட்காருகிறவர் தலைவர், முதலில் சாப்பிடுகிறவர் தலைவர். இந்த மூன்றையும் விடாமல் செய்தால் நாய் தானாகக் கீழ்ப்படியும் என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, மச்சான். இது பெரட்டு அல்லாமல் வேறென்ன? பதினெட்டு வருஷம் நான் பார்த்த வேலையைத்தான் அந்த மனிதர் கனடா வரைக்கும் போய்ப் படித்துவிட்டு வந்திருக்கிறார்.

மறுநாளே ஆரம்பித்தேன். முதலில் சாப்பிடுவதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை, அது கல்யாணமான நாளிலிருந்து பழகியது. உயரமான இடத்துக்குத்தான் கொஞ்சம் கஷ்டப்பட்டேன். நாய் நாற்காலியில் ஏறிப் படுப்பதால் நான் சாப்பாட்டு மேசைமேல் ஏறி உட்கார்ந்து பேப்பர் படிக்க வேண்டியதாயிற்று. இரண்டாம் நாள் நாயும் மேசைமேல் ஏறிவிட்டது. மூன்றாம் நாள் மேசைமேல் நாற்காலியைப் போட்டு ஏறினேன். உன் அக்கா வந்து பார்த்தாள், காற்றாடி தலையில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். வாசல் விஷயத்தில் மட்டும் நான் தேறிவிட்டேன். நாய் நுழையுமுன் ஒரே எட்டில் உள்ளே பாய்ந்துவிடுவேன். மூன்று வாரத்தில் அது எனக்கு யோசிக்காமலே வந்தது. வினையும் அங்கேதான் வந்தது.

பக்கத்து வீட்டுப் பத்துமலையை உனக்குத் தெரியும். அவன் மகள் கல்யாணம் கோயில் மண்டபத்தில். நான் வேட்டி சட்டையோடு மோட்டார் சைக்கிளில் போனேன். கட்டிவிட்டு வந்த நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. மண்டப வாசலில் மாப்பிள்ளையை நிறுத்தியிருக்கிறார்கள். பெண்கள் ஆலாத்தித் தட்டோடு தயாராக நிற்கிறார்கள். நாதஸ்வரம் முழங்குகிறது. நான் கூட்டத்தோடு கூட்டமாக மாப்பிள்ளைக்குப் பின்னால் நிற்கிறேன். காலில் ஏதோ உரசியது. குனிந்து பார்த்தால் தொரை, வாசலுக்குள் நுழையக் காலை எடுத்து வைத்துவிட்டது. ஒரே பாய்ச்சலில் மாப்பிள்ளையை இடித்துத் தள்ளிக்கொண்டு நான் போய் வாசலில் நின்றுவிட்டேன். சுற்ற ஆரம்பித்திருந்த ஆலாத்தி எனக்குச் சுற்றி முடிந்தது. ஒரு பெண் முகத்தைக்கூடப் பார்க்காமல் என் நெற்றியில் பொட்டும் வைத்துவிட்டாள். நாய் எனக்குப் பின்னால்தான் நுழைந்தது, அதாவது பாடம் பலித்துவிட்டது. இதை எடுத்துச் சொல்லித்தான் பத்துமலையைச் சமாதானம் செய்யப் பார்த்தேன். அவனுக்கு விஞ்ஞானம் ஏறவில்லை. ஜூன் மாதக் கடைசிக்குள் அந்த நாய் வீட்டை விட்டுப் போகாவிட்டால் முனிசிபலுக்குப் பெட்டிஷன் எழுதுவேன், நாய் வண்டி வரும் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். நாய் வண்டி வந்தால் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். அதை நான் எழுத மாட்டேன்.

பயந்துபோய் விஸ்வலிங்கம் ஐயாவிடம் ஓடினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஓநாயையும் சாப்பாட்டு நேரத்தில்தான் கவனிக்க வேண்டும் என்று சொல்லி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நோட்டுப் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டார். ஆராய்ச்சி முடியாமல் கை நனைக்க மாட்டாராம். ஓரமாக ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். உன் அக்கா வழக்கம்போல முதல் பிடி சோற்றைக் காக்கைக்கு வைத்தாள். காக்கை வந்து தின்றது. நாய் அதன் பக்கம் போகாமல் தள்ளி நின்றது. பிறகு நான் சாப்பிட்டேன். பிறகு, பாவம் பசிக்கும் என்று நாய்க்குப் போட்டாள். அது தின்று முடித்த பிறகு அவள் அடுப்படிக்குள் போய் உட்கார்ந்தாள். ஐயா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"உங்கட வீட்டுத் தலைவர் காகம்," என்றார். "ரெண்டாவது நீங்கள். மூண்டாவது நாய். அம்மா கடைசி."

காக்கை என் செத்துப்போன அப்பா, நாம் அப்படித்தானே வைக்கிறோம் என்று அவருக்கு விளக்கினேன், மச்சான். அப்பாவும் தோட்டத்தில் எல்லாரையும் அதட்டினவர்தான், அதனால் தவறில்லை என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார். சரி, வரிசையில் தனக்குக் கீழே இருக்கிற செல்லாயியின் பேச்சை மட்டும் இந்த நாய் ஏன் கேட்கிறது என்று கேட்டேன். அவர் நோட்டை முன்னும் பின்னும் புரட்டினார். தனக்கும் விளங்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். அடுத்த ஞாயிறு வரிசையைத் தலைகீழாகப் போட்டுப் பார்ப்போம், அம்மா முதலில், நாய் அடுத்தது, நீங்கள் கடைசி என்றார். உன் அக்காவிடம் சொன்னேன். அவள் வெட்கமாக இருக்கிறது என்று ஒரு வாரம் மறுத்தாள். படித்த மனிதர் கேட்கிறாரே என்று கடைசியில் ஒத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிறு பாசாரில் நல்ல தெங்கிரி மீன் கிடைத்திருந்தது. குழம்பு வைத்தாள். காக்கைக்கு வைத்தாள், அதை மட்டும் எந்த விஞ்ஞானத்துக்காகவும் மாற்ற மாட்டேன் என்றுவிட்டாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள். நானும் விஞ்ஞானியும் நாயும் பின்னால் நிற்கிறோம். சட்டியில் கரண்டியை விட்டவள் அப்படியே நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"தலைய நான் எடுத்துக்கவா?" என்றாள்.

கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷம். உன் அக்காவுக்கு மீன் தலை பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது, மச்சான். அது எப்போதும் என் தட்டில்தான் விழும். நீ அவளோடு பிறந்தவன், மீன் பிடிக்கிறவன், உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அவள் சாப்பிட்டாள். நாய் தின்றது. ஐயா விருந்தாளி என்பதால் அவருக்கு நிறைவாகப் போட்டாள். கடைசியாக என் முறை. சட்டியில் கொஞ்சம் குழம்பும் ஒரு வால் துண்டும், பானையில் அடிபிடித்த சோறும் இருந்தன. இவ்வளவுதானா என்று கேட்டேன்.

"கடைசில எப்பவும் இவ்வளவுதான் லா இருக்கும்," என்றாள்.

குறையாகச் சொல்லவில்லை. மழை வருகிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். நான் அதைத்தான் தின்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இதை உன்னிடம் எழுதுவதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

நாய் இதில் எதையும் சட்டை செய்யாமல் அடுப்படி வாசலில் குறுக்கே படுத்துத் தூங்கிவிட்டது. ஐயா கை கழுவிவிட்டு வந்து, தான் காட்டில் ஓநாய்க் கூட்டம் என்று உண்மையாகக் கண்டது ஒரு தகப்பன், ஒரு தாய், அவர்களுடைய பிள்ளைகள், அவ்வளவுதான் என்றார். தலைவர் என்று ஒருவரைக் காட்டில் அவர் பார்த்ததே இல்லையாம். முன்பின் தெரியாத ஓநாய்களை ஒரு வேலிக்குள் சேர்த்து அடைத்தால்தான் அப்படி ஒருவன் முளைப்பானாம். அந்தத் தலைவர் கதை வேலிக்குள் இருந்ததைப் பார்த்து எழுதியதாம், தானும் ஒரு காலத்தில் எழுதினதாம். வெவ்வேறு கப்பலில் வந்த ஜனங்களை ஒரே லயத்து வீடுகளில் அடைத்து, அவர்களுக்கு ஒரு மண்டோரையும் வைத்த தோட்டத்து ஞாபகம் எனக்கு வந்தது. இதை முதல் நாளே சொல்லியிருந்தால் நான் மேசைமேல் ஏறியிருக்க மாட்டேனே என்று மட்டும் சொன்னேன். அவர் மன்னிப்புக் கேட்டார், நல்ல மனிதர்.

ஆகவே நாய் இன்றுவரை நான் சொன்னதைக் கேட்கவில்லை. பத்துமலையின் கெடுவுக்கு இன்னும் பதினாறு நாள்தான். அதைவிடப் பெரிய தொல்லை, அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எனக்குச் சோறு சரியாக இறங்குவதில்லை. சாப்பிட உட்கார்ந்தால் சட்டியைப் பார்க்கத் தோன்றுகிறது. இந்த நாய் வருவதற்கு முன் நான் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன். நாயும் உயிரோடு இருக்க வேண்டும், நானும் பழையபடி சாப்பிட வேண்டும். அதனால் ஞாயிறு காலை கண்டிப்பாக வந்துவிடு.

உன் சம்சாரத்துக்கு என் அன்பு. பிள்ளைகள் படித்துப் பெரிய ஆளாகட்டும், உன் வலை கிழியாமல் நிறையட்டும், கடலும் லாரியும் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு மச்சான்
ஐயாவு

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துவிட்டு, ஸ்டாம்பு எங்கே என்று உன் அக்காவிடம் கேட்டது என் தப்பு. என்ன எழுதியிருக்கிறீர்கள், படியுங்கள் என்றாள். மீன் தலை வருகிற இடத்தைத் தாண்டிப் படித்தேன். குரல் தடுமாறியதில் கண்டுபிடித்து அதையும் படிக்க வைத்தாள். பத்துமலை பெண்டாட்டியிடம் அவள் போன வாரமே பேசிவிட்டாளாம். ஆலாத்தி விஷயத்தை அந்த அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாளாம், பெட்டிஷன் எல்லாம் கிடையாதாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் கேட்கவில்லையே என்றாள். அப்புறம் நாயின் காதைத் தடவிவிட்டாள்.

"தொர எங்கயும் போவாது," என்றாள். "அது வந்தப்புறந்தான் எனக்குச் சட்டியில என்ன மிச்சம் இருக்குன்னு நீங்க எட்டிப் பாத்தீங்க."

ஆகவே லாரி வேண்டாம், மச்சான்.