வண்டி சிவப்பாகத்தான் இருக்கிறது

மயிலாப்பூர்,
செவ்வாய்க்கிழமை, மாலை நாலு மணி.

சிரஞ்சீவி முத்துகிருஷ்ணனுக்கு உன் அத்திம்பேர் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா கோமளமும் க்ஷேமம். அப்படி எழுதுவதுதான் முறை என்பதால் எழுதியிருக்கிறேன், நீ நம்ப வேண்டிய அவசியமில்லை. ஆதம்பாக்கத்தில் நீயும் குழந்தைகளும் சௌக்கியம்தானே. ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று யோசனை சொல்லிவிடுகிறாய். காகிதத்துக்கு அந்தக் கெட்ட பழக்கம் கிடையாது.

போன மாதம் நீ வந்து கூடத்தில் நின்றுகொண்டு சொன்னதை நான் மறக்கவில்லை. "அத்திம்பேர், அக்காவுக்குத் தலை ஸ்கேன் எடுக்கணும்னு டாக்டர் சொல்லி நாலு மாசம் ஆச்சு. அடையாறுல அடுத்த மாசம் முதல் வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மறுபடி நேரம் வாங்கியிருக்கேன். அன்னிக்கும் அழைச்சுண்டு போகலேன்னா உங்களால முடியலேன்னுதான் அர்த்தம். நானே வந்து கொட்டிவாக்கத்துல அந்த ஹோம்ல சேர்த்துடறேன். அங்கே நர்ஸ் இருக்கா." அதற்கு என் பதிலை இப்போது சொல்கிறேன். நீ வெள்ளிக்கிழமை வர வேண்டாம். ஹோமும் வேண்டாம், நர்ஸும் வேண்டாம். உன் அக்காவை நானே என் வண்டியில் அழைத்துக்கொண்டு போகிறேன். எப்படி என்று சொல்கிறேன், நடுவில் பேசாமல் படி.

இதுவரை ஏன் முடியவில்லை என்பது உனக்கும் கொஞ்சம் தெரியும். முதல் தடவை நீ உன் வெள்ளைக் காரைக் கொண்டுவந்தாய். நம்மாத்து வண்டி சிவப்பு, இவன் யாரோ என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். கூடப் பிறந்தவனை யாரோ என்கிறாளே என்று உனக்கு முகம் சுண்டிப்போனது. அடுத்த தடவை நான் போனில் டாக்சி கூப்பிட்டேன். அந்த டிரைவர் பாவம், வாசலில் நிறுத்தி மரியாதையாக "ஓடிபி சொல்லுங்கம்மா" என்றான். அவ்வளவுதான், என் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். "யாருக்கும் சொல்லப்படாதுன்னு பேங்க்ல தினம் அனுப்பறான். இவன் நடுத்தெருவுல நின்னுண்டு கேக்கறான், நீங்களும் சொல்லப் போறேளே" என்றாள். காலையில் இட்லி சாப்பிட்டோமா உப்புமா சாப்பிட்டோமா என்று தெரியாதவள், முத்து, பேங்க் சொன்னதை மறக்கவில்லை. டாக்சி திரும்பிப் போயிற்று.

சரி, சிவப்புதானே வேண்டும், நம்முடையதே கீழே நிற்கிறதே என்று அவளை அழைத்துப் போய் முன்னால் நிறுத்தினேன். வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். "இது நம்மது இல்லை. இது சுண்ணாம்பு அடிச்சாப்ல இருக்கு. யாராத்து வண்டியிலயோ ஏறி உக்காந்தா போலீஸ்ல பிடிச்சுண்டு போவான்" என்றாள். நான் மாடிக்கு ஓடிப்போய் ஆர்.சி. புத்தகத்தைக் கொண்டுவந்து நம்பரைக் காட்டினேன், என் பெயரைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்துவிட்டு, "இதுல கலர் சிவப்புன்னு போட்டிருக்கு. வண்டி சிவப்பா இருக்கா?" என்று கேட்டாள். நாற்பது வருஷம் இன்சூரன்ஸ் ஆபீஸில் மற்றவர்களுடைய க்ளெய்மை எல்லாம் ஓட்டை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினவன் நான். ஆர்.சி. புத்தகத்தை மடக்கிக்கொண்டு மாடி ஏறினேன்.

ஏனென்றால் அவள் சொன்னது நிஜம். எஞ்சினை வாரம் ஒரு தடவை எழுப்பி மந்தைவெளி வரை போய் வருவேன், ஓட்டத்துக்குக் குறைவில்லை. வெளித்தோலைத்தான் ஆறு வருஷமாகத் திரும்பிப் பார்க்கவில்லை. மேலே பாதாம் மரம், மரத்தில் காக்காய், பக்கத்து ஃப்ளாட் சாய்நாத்தின் ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர். போதாக்குறைக்கு ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை தூசியைத் தட்டாமல் அதன்மேலேயே சந்தனத்தை அப்பியிருக்கிறேன், அது பானெட்டில் படையாகப் படிந்திருந்தது. வண்டி சிவப்பே இல்லை, வெளுத்துப்போய் ரோஸ் கலரில் மாவு பூத்துக் கிடந்தது. முன்னாலெல்லாம் கோமளம் வெள்ளிக்கிழமை தோறும் என் பழைய வேஷ்டித் துணியால் அதைத் துடைப்பாள். ஒரு வெள்ளிக்கிழமை துடைக்காமல் விட்டிருக்கிறாள். அப்புறம் துடைக்கவே இல்லை. அது எந்த வெள்ளிக்கிழமை என்று எனக்குத் தெரியாது. கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் ஆறு வருஷத்துக்கு முன்னாலேயே டாக்டரிடம் போயிருப்போம். இதை உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதிவிட்டேன்.

இனிமேல் நடந்தது என் முட்டாள்தனம். நம்மாத்து வெங்கல விளக்கு கறுத்தால் எதால் தேய்க்கிறோம், புளியும் தேங்காய் நாரும்தானே. விளக்கும் உலோகம், வண்டியும் உலோகம் என்று கணக்குப் போட்டு, ஒரு எலுமிச்சங்காய் அளவு புளியை ஊறவைத்து, கொஞ்சம் பாத்திரப் பொடியும் சேர்த்து, காலை ஆறு மணிக்கு பானெட்டைப் பிடித்தேன் பார். ஈரமாக இருக்கிறவரை அருமையான சிவப்பு. ஆஹா என்று நினைத்து வேர்க்க விறுவிறுக்க முக்கால்வாசி தேய்த்துவிட்டேன். காய்ந்ததும் பார்த்தால் பழைய வெளுப்பு அப்படியே இருக்கிறது, அதற்குமேல் வட்டம் வட்டமாக நார்க் கீறல். சாய்நாத் ஃப்ளாட் அசோசியேஷனின் செயலாளர் ஆயிற்றே, அதைப் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பிவிட்டான். எதிர் ஃப்ளாட் மாமி வந்து உடம்பு சரியில்லையா என்று விசாரித்தாள். என்னையும் சேர்த்து ஸ்கேன் எடுக்கச் சொல்லாத குறைதான்.

கடைசியில் பட்டினப்பாக்கத்திலிருந்து தணிகாசலம் என்று ஒருவரைப் பிடித்தேன். ஐம்பது வயது இருக்கும், வெளுத்துப்போன வண்டிகளை வீட்டுக்கே வந்து பாலிஷ் போட்டு மீட்டுக் கொடுக்கிற வேலை. வந்ததும் வராததுமாக பானெட்டைக் குனிந்து மோந்து பார்த்தார். "இன்னா சார், புளி வாசனை வருது. மீன் கொழம்பு வச்சியா?" என்றார். நாங்கள் மீன் சாப்பிடுகிறவர்கள் இல்லை என்றேன். "வண்டி சாப்ட்டுக்கீது சார்" என்றார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் மனுஷர் வேலையில் சுத்தம். இரண்டு வாளித் தண்ணீரில் பட்டுப்புடவை அலசுகிற மாதிரி அலசினார். அப்புறம் களிமண் மாதிரி ஒரு கட்டியை ஈரத்தோடு தேய்த்து, ஒட்டிக்கொண்டிருந்த அழுக்கையெல்லாம் இழுத்தார். பிறகு விரலால் ஒரு இழுப்பு இழுத்து, விரலில் ஒட்டிய ரோஸ் மாவை என் மூக்குக்கு நேராகக் காட்டினார். "இது செத்துப்போன பெயிண்ட் சார். அடியில நல்ல பெயிண்ட் கீது. எவ்ளோ கீதுன்னுதான் தெரியாது. ஓவரா தேச்சேன்னு வை, தகரம் வந்துடும்." பக்கத்தில் கோமளம் நின்றுகொண்டிருந்தாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

கோமளம் மாடிக்குப் போனதும் பாலிஷ் மிஷினைப் போட்டார். அந்தச் சத்தம் மாடி வரைக்கும் கேட்டிருக்கிறது. கால்மணி நேரத்தில் உன் அக்கா அரிசியும் உளுந்தும் கலந்து ஒரு தூக்கில் எடுத்துக்கொண்டு இறங்கி வந்து, "நன்னா அரைக்கறேளே, இதையும் போட்டுடுங்கோ" என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. அவர் மிஷினை நிறுத்தி, கையைத் துடைத்துக்கொண்டு தூக்கை இரண்டு கையாலும் வாங்கினார். "வச்சிட்டுப் போம்மா, அரைச்சிக் குடுக்கறேன்" என்றார். அவள் திருப்தியாகப் போய்விட்டாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "எங்க ஆயாவும் இப்டித்தான் சார் இருந்துச்சி. இல்லன்னு சொன்னா அழுவும்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். அன்று சாயங்காலம் நான் மிக்ஸியில் அரைத்து, தணிகாசலம் அரைத்தது என்று கொடுத்தேன். உப்பு ஜாஸ்தி என்று அவர்மேல் குறை சொன்னாள்.

பாதி வண்டி முடிந்த நேரத்தில் சாய்நாத் வந்து, பொது மீட்டரிலிருந்து ஒயர் இழுக்கக் கூடாது என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டான். மாடியிலிருந்து ஒயரை இறக்க மறுநாள் ஆயிற்று. ஆகையால் ஒரு ராத்திரி முழுக்க நம் வண்டி இடது பக்கம் சிவப்பும் வலது பக்கம் வெளுப்புமாக நின்றது. கோமளம் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பாதி நம்மது. மீதி யாரோடது?" என்று கேட்டாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, முத்து. நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம்.

இன்று மத்தியானம் வேலை முடிந்தது. கூரையில் மட்டும் ஓர் ஓரத்தில் ஒரு கை அகலத்துக்கு வெளுப்பு நிற்கிறது. இன்னும் ஒரு கை போடுங்களேன் என்று கெஞ்சினேன். "ஆசப்பட்டுத் தேச்சா உள்ளதும் பூடும் சார்" என்று சொல்லி மிஷினைக் கட்டிவிட்டார். மற்ற இடமெல்லாம் வாங்கின நாள் மாதிரி, முகம் தெரிகிறது. மெழுகு பூசித் துடைத்ததும் கோமளத்தைக் கீழே அழைத்து வந்தேன். கையால் தொட்டுப் பார்த்தாள். புடவைத் தலைப்பால் கண்ணாடி ஓரத்தை ஒரு தடவை துடைத்தாள். "நம்மாத்து வண்டி. எங்கே போயிருந்தது இத்தனை நாளா?" என்றாள். தணிகாசலம் சட்டென்று திரும்பிக்கொண்டு வாளியைக் கழுவ ஆரம்பித்தார். நானும் வெட்கமில்லாமல் அழுதேன் என்பதை எழுதுகிறேன், நீ யாரிடமும் சொல்லாதே.

ஆக, என்னால் முடியும் என்று உனக்கு நிரூபித்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை அவளை உட்காரவைத்து நானே அடையாறு போகிறேன். நீ வழக்கம்போல் ஆபீஸ் போ. கொட்டிவாக்கத்து ஹோமிலிருந்து நீ வாங்கி வந்து கொடுத்த படம் போட்ட புத்தகத்தை நான் பழைய பேப்பரோடு போட்டுவிட்டேன். குழந்தைகளுக்கு என் ஆசிகள், உன் ஆத்துக்காரிக்கும் சொல்லு. எல்லாரும் தீர்க்காயுசாக, முக்கியமாக ஞாபக சக்தியோடு இருக்கப் பெருமாளைச் சேவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அத்திம்பேர்
ஸ்ரீனிவாசராகவன்

பி.கு. புதன் காலை. நல்லவேளை, கவரை ஒட்டவில்லை. நேற்றுச் சாயங்காலம் கடிதத்தை முடித்துவிட்டு, ஒத்திகை மாதிரி ஒரு சுற்று போய்வரலாம் என்று அவளைக் கூப்பிட்டேன். தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். நான் முன்கதவைத் திறந்தேன். அவள் பின்கதவைத் திறந்துகொண்டு ஏறி உட்கார்ந்தாள். கச்சேரி ரோடு திரும்பினதும், "டிரைவர், நேரே பனகல் பார்க் போ. அவர் ஆபீஸ் விட்டு வந்து நின்னுண்டிருப்பார். அவரை ஏத்திக்காம நான் எங்கேயும் வர மாட்டேன்" என்றாள். விளையாடுகிறாளோ என்று கண்ணாடியில் பார்த்தேன். விளையாடவில்லை. தி. நகர் போய் பார்க்கை மூன்று சுற்று சுற்றினோம். அவள் ஜன்னல் வழியாக ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். எனக்கு என்ன தோன்றிற்றோ, "பேர் என்னம்மா, விசாரிச்சுப் பாக்கறேன்" என்றேன். நம்மாத்துப் பெண்கள் ஆம்படையான் பேரைச் சொல்லுகிறவர்கள் இல்லை, உனக்குத் தெரியும். இந்த நாற்பத்தெட்டு வருஷத்தில் என் பேரை அவள் வாயால் நான் கேட்டதே கிடையாது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, முன்னால் குனிந்து, மெதுவாக, "ஸ்ரீனிவாசராகவன்" என்றாள். "நான் சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லிடாதே" என்றாள்.

ஆத்துக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு ஈஸிசேரில் உட்கார்ந்தேன். "ஏன்னா, இன்னிக்கு ஏன் இத்தனை நாழி, வண்டி அனுப்பிச்சேனே" என்று காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

அதனால் நீ வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு வந்துவிடு. கொட்டிவாக்கம் விஷயத்தை ஸ்கேனுக்கு அப்புறம் பேசுவோம், நான் குறுக்கே பேசாமல் கேட்கிறேன். வண்டியை நீ ஓட்டு. உன்னை டிரைவர் என்றால் கோபித்துக்கொள்ளாதே. நீ வந்ததும் நான் முன்னால் கிளம்பிப் போய், ஆபீஸ் போன நாளில் போட்டுக்கொண்டிருந்த கோடு போட்ட சட்டையோடு பனகல் பார்க் வாசலில் நிற்கிறேன். மெதுவாக ஓட்டிக்கொண்டு வா. நீயாக நிறுத்தாதே, நீயாகக் கையும் காட்டாதே. அவளாகப் பார்த்து, அதோ அவர் என்று சொல்லட்டும். சொல்லாவிட்டால் இன்னொரு சுற்று சுற்றி வா. நான் அங்கேயேதான் நிற்பேன்.